துவரம்பருப்பு அளவு நீலம்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. குரு என்றால் வெள்ளைத் தாடி வேண்டும், சீடன் என்றால் அரும்பு மீசை வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம்.

குருவின் பெயர் ரெஜினா. தொடக்கப்பள்ளி தொடக்கப்பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஓவியப் பட்டறை நடத்துபவர். பழைய ஸ்கூட்டி, அதன் முன்னால் ஒரு சாக்குப்பை. பையில் தூரிகைகளும் தாள்களும் வண்ண வில்லைகளும் இருக்கும். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

சீடரின் பெயர் எத்திராஜ். அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பொறியாளர்கள் கிறுக்கிக்கொண்டு வருவதை நேர்கோடாக்கி ஃபேர் காப்பி போட்டுத் தருவது அவர் வேலை. தாளில் மை சொட்டிவிட்டால் பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, சொட்டு விழுந்த இடமே தெரியாமல் செய்துவிடுவார். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று அலுவலகத்தில் பேச்சு. அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது நகர மாட்டேன் என்றது. ஒருநாள் நூலகத்தில் டீச்சர் பட்டறை நடத்துவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எல்லாம் போகும்வரை காத்திருந்து கேட்டார்.

"என்னையும் சேத்துக்குங்க டீச்சர். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

டீச்சர் அவர் கைகளைப் பார்த்தார்.

"நல்லாப் பழகின கை சார். அதான் கொஞ்சம் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"தண்ணி புடிச்சு வைக்கிறீங்களா?"

மூன்று மாதம் எத்திராஜ் தண்ணீர் பிடித்தார். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்களில் முக்கால் அளவு ஊற்றி, பிள்ளைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். தூரிகை அலச அந்தத் தண்ணீர். பகல் முழுக்கக் குழாயடிக்கும் வகுப்புக்குமாக நடந்து முட்டி வலி வந்ததுதான் மிச்சம்.

"பாடம் எப்ப ஆரம்பிக்கும் டீச்சர்?"

"இதான் சார் பாடம்."

கிண்டல் செய்கிறாளோ இந்தப் பெண் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை மறுநாளே மறந்தும் போனார். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை. இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

டீச்சரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் "மிஸ், என்னுது பாருங்க" என்று மொய்ப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டி அனுப்பிவிடுவார். கடைசிப் பிள்ளையும் போன பிறகுதான் நிதானமாகப் பார்க்க ஆரம்பிப்பார். பார்ப்பது படங்களை இல்லை. பாட்டில்களை.

ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டுவார். "இவன் அவசரப்பட்டிருக்கான்" என்பார். "இவ ரெண்டே கலர்ல நின்னுட்டா. ஆனா சந்தோஷமா நின்னிருக்கா" என்பார்.

"படத்தப் பாத்தாத் தெரியாததா தண்ணியில தெரியுது?" என்று எத்திராஜ் கேட்டார்.

"படம் எனக்குக் காட்டறதுக்குன்னு போட்டது சார். தண்ணிய யாரும் காட்டறதுக்குன்னு கலக்க மாட்டாங்க."

எத்திராஜ் இதைச் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டால் புரிந்துவிட்டது என்று நினைக்கிற வர்க்கம் அவர்.

"ஒண்ணே ஒண்ணு. நான் பாக்கறதுக்கு முன்னாடி தண்ணியக் கொட்டிடாதீங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

ஆடி மாதம் புதிதாக ஒரு பள்ளியில் பட்டறை தொடங்கியது. தோல் கம்பெனிகளுக்குப் போகிற சாலையில், ஊரைத் தாண்டி இருக்கிற சின்னத் தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில். மொத்தம் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஆறு வெள்ளிக்கிழமைகள், மதியத்துக்கு மேல்.

முதல் வெள்ளிக்கிழமை டீச்சர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றின் முன்னால் நின்றார். அந்தத் தண்ணீர் ஊற்றியபடியே இருந்தது. எடுத்துக் குடிக்கலாம்.

"யாரோட எடம் சார் இது?"

"அம்சவேணின்னு ஒரு பொண்ணு. மூணாவது. தூரிகையத் தொடவே இல்ல டீச்சர். கைய மடியில வெச்சுக்கிட்டுத் தாளையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

வகுப்பு ஆசிரியை கதவோரம் நின்றிருந்தவர் சலித்துக்கொண்டார். "அது அப்படித்தாங்க. எழுதச் சொன்னாலும் பாக்கும், படிக்கச் சொன்னாலும் பாக்கும். அவங்க அம்மாவ நாலு தடவ வரச் சொல்லிப் பேசியாச்சு. பாவம், அந்தம்மா வேலைய விட்டுட்டு ஓடி வந்து அழுதுட்டுப் போகும். இது அதையும் பாத்துக்கிட்டு நிக்கும்."

டீச்சர் அம்சவேணியின் தாளை எடுத்து, பின்பக்கம் அவள் பெயரை எழுதி, மற்றவர்கள் தாள்களோடு வைத்தார்.

இரண்டாம் வாரமும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மூன்றாம் வாரம் எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவள் காதருகே சொன்னார்.

"ஒரு பூ போடேன் கண்ணு. நான் வேணா பென்சில்ல லேசா…"

"சார், தண்ணி" என்று டீச்சரின் குரல் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. எத்திராஜ் நிமிர்ந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

நாலாம் வாரம் வகுப்பு முடிந்ததும் கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு நாம என்னதான் செய்யறது டீச்சர்?"

"தண்ணி மாத்தி வைங்க."

"அது தொடாத தண்ணிதானே, போன வாரம் வெச்சது அப்படியே இருக்கு. எதுக்கு மாத்தணும்?"

"ஒரு வாரத்துத் தண்ணி சார். தூசி விழுந்திருக்கும்."

"தாளாச்சும் புதுசாக் குடுக்கலாமா?"

"அவ பாத்துக்கிட்டு இருக்கற தாள் அது. அதுவே இருக்கட்டும்."

"எத்தனை வாரம் இப்படி?"

"தெரியாது சார்."

"பட்டறையே ஆறு வாரம்தான்."

"தெரியும் சார்."

எத்திராஜ் நோட்டை எடுத்தார். எழுத ஒன்றும் இல்லாததால் திரும்ப வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை டீச்சருக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிப்போய்ப் போனில் பாதி வார்த்தைதான் வந்தது.

"நீங்களே பாத்துக்குங்க சார். புதுசா ஒண்ணும் வேணாம். தண்ணி, தாள், அவ்ளோதான். முடிஞ்சதும் பாட்டிலப் பாத்துட்டுச் சொல்லுங்க."

எத்திராஜ் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். முதல் முறையாக வகுப்பு அவருடையது. பிள்ளைகளுக்கு அவரிடம் பயம் இல்லை, அதனால் கூரை பிய்ந்துபோகிற சத்தம். ஒருவன் மேஜைக்கு அடியில் படுத்து வரைந்தான். இரண்டு பெண்கள் ஒரே தாளுக்கு அடித்துக்கொண்டார்கள். எத்திராஜ் இங்கும் அங்கும் ஓடியதில் அம்சவேணி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

"சார், அடுத்த வெள்ளிக்கிழம கண்காட்சி. கல்வி அலுவலர் வர்றாரு. எல்லாப் புள்ளைங்களோட அப்பா அம்மாவையும் வரச் சொல்லியாச்சு. அத்தனை பேர் படமும் செவுத்துல இருக்கணும். ஒண்ணுகூட விடுபடக் கூடாது, ஆமா."

எத்திராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாள்களை அள்ளிக் கோப்பில் சொருகினார். தூரிகைகளைக் கழுவினார். பாட்டில்களை இரண்டு இரண்டாகத் தூக்கிப்போய்க் குழாயடியில் கவிழ்த்தார். கடைசி பாட்டிலைக் கவிழ்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார்.

"தண்ணி எப்படி இருந்துச்சு சார்?"

"எல்லாம் நல்லா இருந்துச்சு டீச்சர்."

அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் இதுதான் சின்னதாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்திராஜ் வீட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் ஓரம் கட்டிக் கீழே பெயர் எழுதினார். இருபத்தேழு படங்கள். யானை என்று சொன்னால்தான் யானை, பஸ் என்று சொன்னால்தான் பஸ். ஆனாலும் அழகு. இருபத்தெட்டாவதாக வெறும் தாள் வந்தது.

முழுக்க வெறும் தாளும் இல்லை. கீழே இடது மூலையில் நீலமாக ஒரு கறை. துவரம்பருப்பு அளவு.

எத்திராஜ் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அவர் மனக்கண்ணில் அது சுவரில் தொங்கியது. இருபத்தேழு படங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு தாள், கீழே பெயர். அதன் முன்னால் அந்த அம்மா. நாலு தடவை வந்து அழுதுவிட்டுப் போனவள், ஐந்தாவது தடவையும் ஊரார் முன்னால், அதிகாரி முன்னால். அவருக்கு இரக்கமாக இருந்தது. நிஜமான இரக்கம், அதில் வேஷம் இல்லை.

எழுந்து போய் பிளேடு எடுத்துவந்தார்.

முதலில் அந்த நீலக் கறை. பக்கத்துப் பையன் தூரிகையை உதறியதில் தெறித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பிளேடைப் படுக்க வைத்து, மூச்சை அடக்கி, மெல்ல மெல்லச் சுரண்டினார். பிறகு நகத்தால் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். கறை இருந்த சுவடே இல்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் கை மறக்கவில்லை என்று பெருமையாக இருந்தது.

பிறகு வரைந்தார். ஓட்டு வீடு, பக்கத்தில் செம்பருத்திச் செடி, இரட்டைச் சடையோடு ஒரு பெண் குழந்தை, பின்னால் சாயங்கால வானம் ஆரஞ்சு நிறத்தில். சுரண்டிய மூலையில் பச்சைப் புல். சாமர்த்தியமாகக் கையைக் கொஞ்சம் நடுங்கவிட்டு, எட்டு வயதுப் பிள்ளை போட்டதுபோலவே போட்டார். ஜன்னல் ஒன்றை வேண்டுமென்றே கோணலாக்கினார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கண்காட்சி நாளன்று டீச்சர் வந்து சேர்வதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. கல்வி அலுவலர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து செம்பருத்திச் செடி முன்னால் நின்றார்.

"அட! இது யாரு?"

தலைமையாசிரியரே திகைத்துப்போனார். "அம்சவேணியா?" என்று வகுப்பு ஆசிரியையைப் பார்த்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். சேலை மேல் போட்ட ஷூ கம்பெனிக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருந்தாள். அவள்தான் அம்மா, லோகநாயகி.

"எம்பொண்ணா சார்? எம்பொண்ணா போட்டுச்சு?"

தாளின் கீழே பெயர் இருந்தது. லோகநாயகி அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஐந்தாவது தடவையாக அழுதாள். இந்தத் தடவை எல்லோரும் சிரித்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினார்கள்.

அம்சவேணியைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்கள். அவள் படத்தைப் பார்த்தாள்.

"இது என்னுது இல்ல."

"பேர் போட்டுருக்குதுடீ" என்றாள் லோகநாயகி.

அம்சவேணி சுவரோடு போய்க் கீழே இடது மூலையில் விரலை வைத்தாள். புல்லின் மேல் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

"இங்க இருந்துச்சு."

"என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டார் அலுவலர்.

"என்னுது."

"கூச்சம் சார், வேற ஒண்ணுமில்ல" என்று தலைமையாசிரியர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். லோகநாயகியும் சிரித்துக்கொண்டே மகளின் கையைப் பின்னாலிருந்து கிள்ளினாள். அதிகாரி முன்னால் கிடைத்த மரியாதை கைநழுவிவிடுமோ என்கிற பயம் அவளுக்கு.

அம்சவேணி திரும்பினாள். அத்தனை பேர் நடுவில் எத்திராஜைக் கண்டுபிடித்து, அவரையே பார்த்தாள். ஐந்து வாரம் தாளைப் பார்த்த அதே பார்வை.

எத்திராஜ் சுவரில் ஒரு குண்டூசியை அழுத்திக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் குத்தியிருந்தது. ஒரு வார்த்தை போதும் அவருக்கு. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று பக்கத்தில் இருந்து யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. அம்சவேணிக்குப் பன்னிரண்டு வண்ண வில்லைகள் உள்ள பெட்டி பரிசாகக் கிடைத்தது. கைதட்டலுக்கு நடுவில் அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. படங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் குண்டூசிகள் மட்டும் இருந்தன. டீச்சர் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில், முட்டி இடிக்க, உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் அவ தண்ணி எப்படி இருந்துச்சு சார்?"

"பாக்கல டீச்சர். கொட்டிட்டேன்."

"போன்ல நல்லா இருந்துச்சுன்னீங்க."

எத்திராஜ் எல்லாவற்றையும் சொன்னார். மேஜை, பிளேடு, செம்பருத்தி, கோணல் ஜன்னல், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே புரிந்துகொண்டு வந்தது.

"கறைன்னு நெனச்சேன் டீச்சர்."

"எவ்ளோ பெரிசு?"

"துவரம்பருப்பு அளவு."

"தெறிச்ச மாதிரி இருந்துச்சா, வெச்ச மாதிரி இருந்துச்சா?"

எத்திராஜ் கண்ணை மூடினார். முப்பத்திரண்டு வருடம் மைச் சொட்டுகளைப் பார்த்த கண். தெறித்த சொட்டுக்கு வால் இருக்கும். அந்த நீலத்துக்கு வால் இல்லை. வட்டமாக, ஓரம் நனையாமல், அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே அது அவர் கண்ணில் பட்டிருந்தது.

"வெச்ச மாதிரி" என்றார்.

டீச்சர் திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்து, இறங்காமல் நின்றது. தன் குருவை அந்தக் கோலத்தில் பார்த்தது எத்திராஜுக்குத் தாங்கவில்லை.

"நான் என்ன செஞ்சா இது சரியாகும் டீச்சர்?"

"அவங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா சரியாகுமா?"

"சொல்லாம இருக்க முடியாதே சார்."

மறுநாள் மதியம் எத்திராஜ் லோகநாயகியின் வீட்டைத் தேடிப் போனார். ஒற்றை அறை வீடு. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் படம் இருந்தது. அதற்குள் கண்ணாடிச் சட்டம் போட்டாகிவிட்டது. கீழே ஒரு முழம் கனகாம்பரம் தொங்கியது. பரிசுப் பெட்டி டிவிக்கு மேலே, ஒட்டிய தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"இன்னா சார், வாசல்லயே நின்னுனு கீறீங்க? உள்ள வாங்க. பாத்தீங்களா, எங்க கம்பெனி பொம்பளைங்க பத்துப் பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. அவங்கப்பன் எங்களை உட்டுட்டுப் போனப்போ, இது புள்ளையாடீ, மரக்கட்டைன்னு சொல்லிட்டுப் போனான் சார். இப்ப வந்து பாக்கச் சொல்லு அவன!"

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"அந்தப் படம்…"

லோகநாயகியின் முகம் மாறியது. அவள் முட்டாள் இல்லை. ஒரு கணம் எத்திராஜின் கைகளைப் பார்த்தாள். பிறகு படத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"வேணாம் சார்."

"இல்லம்மா, அந்தப் பொண்ணு சொன்னதுதான்…"

"வேணாம் சார். உங்க கால்ல உழுறேன். எம்பொண்ணு ஒண்ணு செஞ்சுதுன்னு சொல்லிக்க எனக்கு இது ஒண்ணுதான் கீது. இதையும் எடுத்துக்கினு பூடாதீங்க."

லோகநாயகி உள்ளே திரும்பி அவசரமாகக் கூப்பிட்டாள்.

"அம்சா! இங்க வா. சாருக்குச் சொல்லு. இந்தப் படம் யாரு போட்டது?"

அம்சவேணி அடுப்படியிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். எத்திராஜைப் பார்த்தாள்.

"நான்தான்."

"பாத்தீங்களா? அன்னிக்கி ஏதோ வெக்கத்துல சொல்லிடுச்சு. வூட்டுக்கு வந்து கேட்டேன், ஒத்துக்கிச்சு."

கேட்டது எப்படி என்பது அம்சவேணியின் முழங்கையில் சிவப்பாகத் தெரிந்தது. லோகநாயகி தந்த மோரைக் குடிக்காமல் எத்திராஜ் வெளியே வந்தார். சாலையில் நடக்கும்போது தன் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

கல்வி அலுவலர் பாராட்டிவிட்டுப் போனதில் தலைமையாசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டறை இன்னும் ஆறு வாரம் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை எத்திராஜ் வழக்கம்போல இருபத்தெட்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார். அம்சவேணியின் பாட்டிலை மூன்று தடவை அலசி ஊற்றினார்.

அவள் பரிசுப் பெட்டியோடு வந்தாள். அம்மா கொடுத்தனுப்பியதாம். டீச்சர் புதுத் தாள் ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். எத்திராஜ் மூலையில் நின்றுகொண்டார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தாளைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். அப்படிப் பார்த்தால் போதும், எத்தனை வாரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

அம்சவேணி பெட்டியைத் திறந்தாள். தூரிகையை எடுத்துத் தண்ணீரில் தோய்த்தாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. "மிஸ், அம்சா வரையுறா!" என்று ஒருத்தி கத்தினாள். வகுப்பு ஆசிரியை ஓடிவந்தார். அம்சவேணி நிமிரவே இல்லை. தயக்கம் இல்லாமல், அழிக்காமல், விறுவிறுவென்று போட்டுக்கொண்டே போனாள்.

ஓட்டு வீடு. பக்கத்தில் செம்பருத்திச் செடி. இரட்டைச் சடையோடு ஒரு பெண் குழந்தை. பின்னால் ஆரஞ்சு வானம். ஜன்னலுக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்து, அதைக் கோணலாகப் போட்டாள். கடைசியாகக் கீழே இடது மூலையில் பச்சைப் புல்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எழுந்து, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டீச்சரைத் தாண்டி நேராக எத்திராஜிடம் வந்தாள். அவரிடம் அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சரியா இருக்கா சார்?"

எத்திராஜ் தலையை ஆட்டினாரா, என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகக் கைகட்டிக்கொண்டாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் போனார்கள். டீச்சர் ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்து அம்சவேணியின் இடத்தில் நின்றார். தண்ணீர் குழம்பு மாதிரி கலங்கியிருந்தது.

எத்திராஜ் பக்கத்தில் வந்தார். எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு.

"தண்ணி நல்லாக் கலங்கியிருக்கே டீச்சர். இதுவும் ஒரு ஆரம்பம்தானே?"

டீச்சர், அம்சவேணி மறந்து விட்டுப்போன வண்ணப் பெட்டியைத் திறந்து அவரிடம் நீட்டினார். சிவப்பு குழிந்திருந்தது. பச்சை குழிந்திருந்தது. ஆரஞ்சு பாதி தீர்ந்திருந்தது. நீல வில்லை மட்டும் கடையில் வாங்கியபடியே, ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல், மொழுமொழுவென்று இருந்தது.

எத்திராஜ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார். முப்பத்திரண்டு வருடம் ஃபேர் காப்பி போட்டவருக்கு, தன் ஃபேர் காப்பியைத் தானே பார்க்க நேர்ந்தது அன்றைக்குத்தான்.

"நான் நாளையிலேர்ந்து வரல டீச்சர். இந்தக் கை புள்ளைங்க பக்கத்துலயே இருக்கக் கூடாது."

"பாட்டில் தூக்க வேற கைக்கு எங்க சார் போவேன்?"

வெளியே கம்பெனி வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எத்திராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு என்ன வைக்கட்டும்?"

"வெறுந்தாள். புதுத் தண்ணி."

"மறுபடியும் இதே செம்பருத்தியப் போட்டா?"

"அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையும் வைங்க."

"எத்தனை வாரம் டீச்சர்?"

"அந்த நீலப் புள்ளிக்கு எத்தனை வாரம் ஆச்சு சார்?"

"அஞ்சு வாரம்."

டீச்சர் கலங்கிய பாட்டிலை எடுத்து எத்திராஜ் கையில் கொடுத்தார்.

"அப்ப அவ மனசுலயும் வெறுந்தாள்தான் இருந்துச்சு சார்."